தைராய்டு முடிச்சு: ஊசிப் பரிசோதனை தீர்ப்புச் சொல்லாதபோது

கழுத்தின் முன்புறம், குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் இருபுறமும் படர்ந்திருக்கும் தைராய்டு சுரப்பியில் உருவாகும் கட்டிகள் மருத்துவ வழக்கில் முடிச்சுகள் எனப்படுகின்றன. அயோடின் போதிய அளவு கிடைக்கும் நிலப்பகுதிகளில், கையால் தடவி உணரக்கூடிய முடிச்சு ஏறத்தாழ 5 விழுக்காடு பெண்களுக்கும் 1 விழுக்காடு ஆண்களுக்கும் இருப்பதாக அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி குறிப்பிடுகிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கொண்டு தேடினால், கைக்குத் தட்டுப்படாத சிறு முடிச்சுகளும் சேர்ந்து, இந்த அளவு 19 முதல் 68 விழுக்காடு வரை உயர்ந்துவிடுகிறது; பெண்களிடமும் முதியவர்களிடமும் இது மேலும் கூடுதல். வேறு காரணத்துக்காகக் கழுத்தையோ மார்பையோ ஸ்கேன் செய்யும்போது தற்செயலாக முடிச்சு கண்டறியப்படுபவர்களின் எண்ணிக்கை பெருகிவருவதும் அதனால்தான். இந்த முடிச்சுகளில் 7 முதல் 15 விழுக்காடு மட்டுமே புற்றுநோய் என்று அதே வழிகாட்டுநெறி கணிக்கிறது.

எனவே தைராய்டு மருத்துவத்தின் முதன்மையான வேலை, தீங்கற்ற பெரும்பான்மையிலிருந்து தீங்குள்ள சிறுபான்மையைப் பிரித்தெடுப்பதாகும். அதற்கு இன்றுள்ள சிறந்த கருவி, எஃப்.என்.ஏ.சி. என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் நுண்ணூசிப் பரிசோதனை. அது பெரும்பாலான முடிச்சுகளைப் பற்றித் தெளிவான விடை தருகிறது. ஆயினும் ஏறத்தாழ 15 முதல் 30 விழுக்காடு முடிச்சுகளில், புற்றுநோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ உறுதியாகக் கூற இயலாத ஓர் இடைநிலை முடிவே கிடைக்கிறது. அந்த அறிக்கையைக் கையில் பெறுபவருக்கு ஏற்படும் கலக்கம் இயல்பானது. ஆனால் அக்கலக்கத்தில் எடுக்கப்படும் முடிவு, பல வேளைகளில், தேவையில்லாத அறுவைச் சிகிச்சையாக முடிந்துவிடுகிறது என்பது கவலைக்குரியது. தீர்மானமற்ற முடிவு என்பது புற்றுநோய் பாதி இருக்கிறது என்ற அறிவிப்பன்று. அது ஒரு வாய்ப்பளவு மட்டுமே. அந்த வாய்ப்பளவைப் பிற சான்றுகளைக் கொண்டு படிப்படியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதையும், அவ்வாறு செய்த பின்னரே கத்தியைப் பற்றிப் பேச வேண்டும் என்பதையும் நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது இன்றியமையாதது.

நுண்ணூசிப் பரிசோதனை சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்களால் 1950களிலிருந்து செம்மைப்படுத்தப்பட்டுப் பிற நாடுகளுக்குப் பரவிய முறையாகும். வழக்கமாக இரத்தம் எடுக்கப் பயன்படும் ஊசியைவிட மெல்லிய ஊசியொன்றை, ஸ்கேன் திரையில் முடிச்சைப் பார்த்தபடியே உள்ளே செலுத்தி, சில உயிரணுக்களை மட்டும் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். மயக்க மருந்து தேவையில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி குத்துவதால் புற்றுநோய் பரவிவிடும் என்று மக்களிடையே நிலவும் அச்சத்துக்குத் தைராய்டைப் பொறுத்தவரை நடைமுறையில் இடமில்லை. இம்முறை வருவதற்கு முன்பு, முடிச்சு என்றாலே அறுத்துப் பார்ப்பது என்ற நிலை இருந்தது. இது வந்தபின் அறுவைகள் பெருமளவு குறைந்தன, அறுக்கப்பட்டவற்றில் உண்மையில் புற்றுநோயாக இருந்தவற்றின் பங்கு கூடியது.

தகட்டில் கண்டதை ஒவ்வொரு நோய்க்குறியியல் வல்லுநரும் தத்தம் சொற்களில் எழுதிவந்ததால், ஓர் ஊரில் எழுதிய அறிக்கை மற்றோர் ஊர் மருத்துவருக்குப் புரியாத குழப்பம் நெடுங்காலம் நிலவியது. அதைத் தீர்க்க 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெதஸ்டா என்ற ஊரில் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அதிலிருந்து பிறந்த ஆறு பிரிவுகள் கொண்ட வகைப்பாடே பெதஸ்டா முறை எனப்படுகிறது. இந்திய ஆய்வகங்களின் அறிக்கைகளிலும் இன்று அப்பெயரையும் எண்ணையும் காணலாம். போதிய உயிரணுக்கள் கிடைக்காத மாதிரி 1ஆம் பிரிவு. தீங்கற்றது 2ஆம் பிரிவு. புற்றுநோய் என்றே தோன்றினும் முழு உறுதி இல்லாதது 5ஆம் பிரிவு. புற்றுநோய் 6ஆம் பிரிவு. இவற்றுக்கு நடுவே நிற்கும் 3ஆம், 4ஆம் பிரிவுகளே தீர்மானமற்றவை என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுபவை.

மூன்றாம் பிரிவில், உயிரணுக்களின் தோற்றத்தில் இயல்புக்கு மாறான கூறுகள் சில தென்படுகின்றன, ஆனால் அவை எதைக் குறிக்கின்றன என்று சொல்லும் அளவுக்கு வலுவாக இல்லை. மாதிரியில் இரத்தம் கலந்திருப்பது, தகட்டில் உயிரணுக்கள் உலர்ந்துபோவது, நீண்டகாலத் தைராய்டு அழற்சி ஆகியவைகூட இத்தோற்றத்தை உண்டாக்கக்கூடும். ஆகவே இப்பிரிவு ஒரே நோய்நிலையின் பெயராக இல்லாமல், பல்வேறு காரணங்களால் முடிவுசெய்ய இயலாதவற்றின் தொகுப்பாகவே இருக்கிறது. 2023இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இப்பிரிவை இரண்டாகப் பிரித்தது பயனுள்ள சீர்திருத்தமாகும்: உயிரணுவின் உட்கருவில் மாறுபாடு காணப்படுவது ஒன்று, பிற வகை மாறுபாடுகள் மற்றொன்று, உட்கரு மாறுபாடு உள்ளவற்றில் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல் என்பதால், அறிக்கையில் அச்சொல் இருக்கிறதா என்று கவனிப்பது தகும்.

நான்காம் பிரிவின் சிக்கல் வேறு வகையானது. அது ஆய்வாளரின் திறமைக் குறைவாலோ மாதிரியின் தரக் குறைவாலோ வருவதன்று. தைராய்டுச் சுரப்பி, ஃபாலிக்கிள் எனப்படும் நுண்ணிய பைகளால் ஆனது. அப்பைகளின் சுவர் உயிரணுக்கள் பெருகி உருவாகும் கட்டி, தன்னைச் சுற்றிய உறைக்குள் அடங்கியிருந்தால் தீங்கற்ற ஃபாலிக்குலர் அடினோமா; உறையையோ இரத்தக் குழாயையோ ஊடுருவிச் சென்றிருந்தால் ஃபாலிக்குலர் புற்றுநோய். இரண்டிலும் உயிரணுக்களின் தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும். பலாச்சுளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது வந்த பழத்தின் தோலில் வெடிப்பு இருந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. ஊசியில் வந்த உயிரணுக்களைக் கொண்டு உறை உடைந்ததா என்று கேட்பதும் அத்தகையதே. உறை முழுவதையும் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதற்கு முடிச்சு வெளியே வந்தாக வேண்டும். எனவேதான் இப்பிரிவுக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டுவந்தது, நோயைக் குணப்படுத்துவதற்கு முன்பாக நோய் எது என்று கண்டறியும் பொருட்டுச் செய்யப்படும் அறுவை.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புற்றுநோய் வாய்ப்பு விழுக்காடு தரப்பட்டுள்ளது. 2023ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சராசரியாக, 2ஆம் பிரிவுக்கு 4, 3ஆம் பிரிவுக்கு 22, 4ஆம் பிரிவுக்கு 30, 5ஆம் பிரிவுக்கு 74, 6ஆம் பிரிவுக்கு 97 விழுக்காடு. போதிய மாதிரி இல்லாத 1ஆம் பிரிவுக்கே 13 விழுக்காடு சொல்லப்படுகிறது. நோயாளிகள் இவ்வெண்களைப் பற்றிக்கொள்வது இயல்பு. ஆனால் அவை எப்படிக் கணிக்கப்பட்டன என்பதை அறிந்தால் அவற்றின் எல்லையும் புலப்படும். முடிச்சு உண்மையில் புற்றுநோயா என்பது அறுவைக்குப் பின்னரே உறுதியாகிறது. ஆகவே விழுக்காடுகள் பெரும்பாலும் அறுக்கப்பட்ட முடிச்சுகளைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. மூன்றாம் பிரிவில் அறுவைக்கு அனுப்பப்படுபவை, ஸ்கேனிலோ பிற வகையிலோ மருத்துவருக்குக் கூடுதல் ஐயம் எழுப்பியவையாகவே இருக்கும். அறுக்காமல் கண்காணிக்கப்பட்டவை கணக்கில் சேர்வதில்லை. அதனால் இப்பிரிவின் உண்மையான வாய்ப்பளவு, அச்சிட்ட எண்ணைவிடக் குறைவாக இருக்கக்கூடும். முதற்பதிப்பு வந்த 2010இல் இதே பிரிவுக்கு 5 முதல் 15 விழுக்காடு என்றே மதிப்பிடப்பட்டிருந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இடைப்பட்ட ஆண்டுகளில் மனிதர்களின் கழுத்து மாறிவிடவில்லை, கணக்கிடும் முறையும் அறுவைக்குத் தேர்ந்தெடுக்கும் முறையுமே மாறின.

எண்களுக்குப் பின்னால் மனிதக் கண்ணும் இருக்கிறது. ஒரே தகட்டை இரு வல்லுநர்கள் தனித்தனியே பார்த்து ஆறு பிரிவுகளில் எதில் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது, எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பார்த்தது. ஒத்துப்போனது ஏறத்தாழ 64 விழுக்காடு மட்டுமே. தீங்கற்றது, புற்றுநோய் என்ற இரு முனைகளில் கருத்து வேறுபாடு குறைவு. நடுப் பிரிவுகளில்தான் மிகுதி. ஆகவே 3ஆம் அல்லது 4ஆம் பிரிவு என்று அறிக்கை வந்தால், அதே தகடுகளைத் தைராய்டு உயிரணுவியலில் பழக்கமுள்ள மற்றொரு வல்லுநரிடம் காட்டிக் கருத்துப் பெறுவது செலவு குறைந்ததும் பலன் மிக்கதுமான வழி. தகடுகள் நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றை இரண்டாம் கருத்துக்காகக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

புற்றுநோய் என்பதன் வரையறையே மாறியதால் கணக்கு மாறிய நிகழ்வும் உண்டு. பாப்பிலரி வகைப் புற்றுநோயின் உட்கருத் தோற்றம் கொண்டு, ஆனால் உறைக்குள் முழுமையாக அடங்கி, எங்கும் ஊடுருவாமல் இருக்கும் ஒருவகைக் கட்டி நெடுங்காலம் புற்றுநோய்ப் பட்டியலில் இருந்தது. பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று இத்தகைய கட்டி கொண்டிருந்த 109 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. 10 முதல் 26 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்ததில், அவர்களுள் எவருக்கும் நோய் மீளவோ பரவவோ இல்லை. அதன் பேரில் 2016இல் அக்கட்டியின் பெயரிலிருந்து புற்றுநோய் என்ற சொல் நீக்கப்பட்டு, நிஃப்ட்பி என்ற சுருக்கப் பெயர் சூட்டப்பட்டது. ஒரு சொல்லை நீக்கியதால், ஆயிரக்கணக்கான மனிதர்கள் புற்றுநோயாளி என்ற பட்டத்திலிருந்தும் அதையொட்டிய கூடுதல் சிகிச்சைகளிலிருந்தும் காக்கப்பட்டனர். இது மருத்துவ அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்ட சிறந்த தருணங்களுள் ஒன்று என்றே கூற வேண்டும். இந்தக் கட்டிகளில் பல ஊசிப் பரிசோதனையில் 3ஆம், 4ஆம் பிரிவுகளிலேயே விழுகின்றன. அவற்றைப் புற்றுநோயாக எண்ணாவிட்டால் அப்பிரிவுகளின் வாய்ப்பளவு கணிசமாகக் குறைகிறது.

ஆகவே பிரிவு எண் என்பது ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளி. அதன்மேல் அடுக்கப்பட வேண்டிய சான்றுகளுள் முதலாவது, எளிய இரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். மூளையடிச் சுரப்பி, தைராய்டைத் தூண்டுவதற்காகச் சுரக்கும் இந்த ஹார்மோன் இயல்பைவிடக் குறைந்திருந்தால், முடிச்சே தன்னிச்சையாகத் தைராய்டு ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கலாம். கதிரியக்க ஸ்கேனில் அது சூடான முடிச்சாகத் தெரியும். அத்தகைய முடிச்சுகள் புற்றுநோயாக இருப்பது மிக அரிது; ஆனால் ஊசி குத்தினால் அவற்றின் உயிரணுக்கள் 4ஆம் பிரிவு போலத் தோன்றி வீண் அச்சத்தை எழுப்பக்கூடும். டி.எஸ்.எச். பார்க்காமல் ஊசிக்குப் போவது ஏன் தவறான வரிசை என்பது இதனால் விளங்கும்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் தோற்றம். ஸ்கேன் அறிக்கையில் டிராட்ஸ் என்ற சொல்லுடன் ஓர் எண் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட இம்முறையில், முடிச்சு நீர்மம் நிறைந்ததா திடமானதா, சுற்றியுள்ள தசையைவிடக் கருமையாகத் தெரிகிறதா, அகலத்தைவிட உயரம் மிகுந்திருக்கிறதா, விளிம்பு ஒழுங்கற்றிருக்கிறதா, உள்ளே நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் உள்ளனவா ஆகிய ஐந்து கூறுகளுக்கு மதிப்பெண் தரப்பட்டு, 1 முதல் 5 வரை நிலை வகுக்கப்படுகிறது. ஐந்தாம் நிலை முடிச்சு 1 சென்டிமீட்டரை எட்டினால் ஊசிப் பரிசோதனை. நான்காம் நிலைக்கு 1.5, மூன்றாம் நிலைக்கு 2.5 சென்டிமீட்டர் வரை காத்திருக்கலாம். ஐரோப்பாவிலும் தென்கொரியாவிலும் இதையொத்த வேறு முறைகள் உண்டு. ஊசிக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க உருவாக்கப்பட்ட இக்கருவி, ஊசியின் முடிவு தெளிவற்றிருக்கும்போதும் வலுவான துணையாகிறது. மூன்றாம் பிரிவு அறிக்கை பெற்ற முடிச்சு ஸ்கேனில் பஞ்சு போன்ற நுண்துளைகளுடனோ ஒழுங்கான விளிம்புடனோ இருந்தால் அதன் வாய்ப்பளவு கீழிறங்குகிறது. அதே அறிக்கை பெற்ற மற்றொரு முடிச்சு கருமையாக, ஒழுங்கற்ற விளிம்புடன், சுண்ணாம்புப் புள்ளிகளுடன் இருந்தால் வாய்ப்பளவு பலமடங்கு உயர்கிறது. இரு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல், ஊசி அறிக்கையை மட்டும் கொண்டு முடிவெடுப்பது பாதிச் சான்றை ஒதுக்குவதாகும்.

நோயாளியின் வரலாறும் எடையைக் கூட்டும். குழந்தைப் பருவத்தில் கழுத்துக்கோ தலைக்கோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருத்தல், நெருங்கிய உறவினருக்குத் தைராய்டுப் புற்றுநோய், வேகமாக வளரும் கட்டி, புதிதாக வந்த குரல் கரகரப்பு, கழுத்தில் வீங்கிய நிணநீர்க் கணுக்கள், கையால் அசைத்தால் அசையாத கெட்டியான கட்டி ஆகியவை இருந்தால் பொறுத்திருப்பதற்கான இடம் சுருங்குகிறது.

மூன்றாம் பிரிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மற்றொரு படி, ஊசிப் பரிசோதனையை மீண்டும் செய்வது. இரண்டாம் முறை எடுத்த மாதிரி கணிசமானோருக்குத் தீங்கற்றது என்ற தெளிவான விடையைத் தந்துவிடுகிறது. நான்காம் பிரிவில் இதற்குப் பயன் குறைவு. உறையின் நிலையை எத்தனை முறை குத்தினாலும் ஊசி அறியப்போவதில்லை.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இத்துறையை மிகவும் மாற்றியது மூலக்கூறுப் பரிசோதனை. அதே ஊசியில் எடுத்த சிறிதளவு உயிரணுக்களிலிருந்து மரபணுக்களைப் பிரித்து, அவற்றில் புற்றுநோயோடு தொடர்புடைய மாற்றங்கள் உள்ளனவா என்றோ, மரபணுக்கள் செயல்படும் பாங்கு தீங்கற்ற கட்டியை ஒத்திருக்கிறதா என்றோ பார்க்கும் முறை இது. அமெரிக்காவில் அஃபிர்மா, தைரோசெக் என்ற இரு பரிசோதனைகள் பெருவழக்காக உள்ளன. அஃபிர்மாவின் முதல் வடிவம் 2012இல் வெளியான ஆய்வில், தீர்மானமற்ற 265 முடிச்சுகளில் சோதிக்கப்பட்டு, உண்மையான புற்றுநோய்களில் 92 விழுக்காட்டை ஐயத்துக்குரியவை என்று பிடித்தது. ஆனால் தீங்கற்றவற்றில் 52 விழுக்காட்டை மட்டுமே தீங்கற்றவை என்று விடுவித்தது. 2018இல் வந்த திருத்திய வடிவத்தில் இவ்விரண்டும் முறையே 91, 68 என்றாயின. 112 மரபணுக்களை ஆராயும் தைரோசெக்கின் மூன்றாம் வடிவத்துக்கு 2019ஆம் ஆண்டு ஆய்வில் 94, 82 என்று கிடைத்தன.

இவ்விரு எண்களும் நோயாளிக்கு நேரடியாகப் பொருள் தருவதில்லை என்பதால், அவற்றை நூறு மனிதர்களாக மாற்றிப் பார்ப்பது நலம். தீர்மானமற்ற முடிச்சு கொண்ட 100 பேரில் 25 பேருக்கு உண்மையில் புற்றுநோய் இருப்பதாகக் கொள்வோம். திருத்திய அஃபிர்மா, அந்த 25இல் ஏறத்தாழ 23 பேரைப் பிடிக்கும், இருவரைத் தவறவிடும். தீங்கற்ற முடிச்சுள்ள 75 பேரில் 51 பேரைச் சரியாக விடுவிக்கும், 24 பேரைத் தவறாக ஐயத்துக்குரியோர் என்னும். ஆக, பரிசோதனை விடுவித்த 53 பேரில் இருவருக்கே புற்றுநோய். அதாவது ஏறத்தாழ 4 விழுக்காடு, ஊசிப் பரிசோதனையே தீங்கற்றது என்று சொன்ன 2ஆம் பிரிவுக்குச் சமமான வாய்ப்பளவு. அவர்கள் அறுவையின்றிக் கண்காணிப்பில் இருக்கலாம். மறுபுறம், ஐயத்துக்குரியோர் எனப்பட்ட 47 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் புற்றுநோய் இல்லை. விடுவிக்கும் முடிவை நம்பலாம், குற்றஞ்சாட்டும் முடிவை அவ்வளவு நம்ப இயலாது என்பதே இப்பரிசோதனையின் இயல்பு. இதை அறியாமல் மரபணுச் சோதனையே புற்றுநோய் என்று சொல்லிவிட்டதாக இடிந்துபோகும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை யாரேனும் பொறுமையாக விளக்கியாக வேண்டும்.

இக்கணக்கில் மற்றொரு பாடமும் அடங்கியுள்ளது. அதே பரிசோதனையை, 100இல் 50 பேருக்குப் புற்றுநோய் உள்ள ஒரு குழுவில் செய்தால், விடுவிக்கப்பட்டவர்களிடையே புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடாக உயர்ந்துவிடும். பரிசோதனை மாறவில்லை, அதற்கு வந்த மனிதர்கள் மாறினார்கள். சிக்கலான நோயாளிகளே வந்துசேரும் பெரிய புற்றுநோய் மையத்துக்கும், எல்லாரும் வரும் பொது மருத்துவமனைக்கும் ஒரே அறிக்கை வெவ்வேறு பொருள் தரும் என்பது இதன் விளைவு.

ஐயத்துக்குரியது என்ற முடிவுக்குள்ளும், எந்த மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது என்பது பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்று குறிக்கப்படும் மாற்றம் இருந்தால் அது பாப்பிலரி புற்றுநோய் என்பது ஏறத்தாழ உறுதி. ராஸ் குடும்ப மரபணு மாற்றங்களோ, தீங்கற்ற அடினோமாவிலும், நிஃப்ட்பியிலும், புற்றுநோயிலும் காணப்படுபவை. அவை புற்றுநோயாக இருப்பினும் பெரும்பாலும் மென்போக்குள்ளவை. டெர்ட் மரபணுவின் தூண்டுபகுதியில் மாற்றம், அதுவும் பிற மாற்றங்களோடு சேர்ந்து வந்தால், மூர்க்கமான போக்கை எச்சரிக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அஃபிர்மா, தைரோசெக் ஆகிய இரு பரிசோதனைகளையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியாயிற்று. தீர்மானமற்ற முடிச்சு கொண்டவர்களில் 49 விழுக்காட்டினர் கண்டறியும் பொருட்டான அறுவையைத் தவிர்க்க முடிந்தது என்பது அதன் முடிவு.

அறுவையைத் தவிர்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்ற கேள்வி எழலாம். தைராய்டு அறுவை இன்று பாதுகாப்பானது. அதை அந்நிலைக்குக் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடோர் கோகர், அதற்காகவே 1909இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் சுரப்பியை முழுவதும் அகற்றிய தம் நோயாளிகள் பின்னாளில் உடல் வீங்கி, சோர்ந்து, அறிவு மந்தப்பட்டுப் போனதை 1883இல் வெளிப்படையாக எழுதி உலகுக்கு உணர்த்தியவரும் அவரே. இன்று லெவோதைராக்சின் மாத்திரை அந்த இழப்பை ஈடுசெய்கிறது; எனினும் அது வாழ்நாள் முழுவதும், நாள்தோறும் வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டியது. ஒரு பக்க மடலை மட்டும் அகற்றினாலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பின்னர் தைராய்டுக் குறைபாடு ஏற்படுகிறது. குரல் நாண்களை இயக்கும் நரம்பு, சுண்ணாம்புச் சத்தைச் சீராக்கும் பாராதைராய்டுச் சுரப்பிகள் ஆகியவை தைராய்டை ஒட்டியே இருப்பதால், அவை காயப்படும் வாய்ப்பு சிறிதாயினும் உண்டு. பாராதைராய்டு இடர் முழுச் சுரப்பியையும் அகற்றும்போதே எழுவது. ஆகவே தீர்மானமற்ற முடிச்சுக்கு அறுவை தேவைப்பட்டால், முடிச்சு ஒரு புறம் மட்டுமே இருக்கும் நிலையில், அந்தப் பக்க மடலை மட்டும் எடுத்து ஆராய்வதே பொதுவாக ஏற்றது. விடை தெரியுமுன்னரே சுரப்பி முழுவதையும் எடுத்துவிடுவதற்கு வலுவான தனிக் காரணம் இருக்க வேண்டும்.

புற்றுநோய் வாய்ப்பு 22 விழுக்காடு என்னும்போது, எத்தகைய புற்றுநோய் என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும். தைராய்டுப் புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை பாப்பிலரி வகை; சுரப்பிக்குள் அடங்கிய நிலையில் கண்டறியப்பட்டால் ஏறத்தாழ எல்லா நோயாளிகளும் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். ஃபின்லாந்தில் 1985இல் வெளியான ஆய்வில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை நுணுகி ஆராய்ந்தபோது, 36 பேரிடம் வாழ்நாளில் அறியப்படாத சிறு பாப்பிலரி புற்றுநோய் இருந்தது. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் தீங்கு செய்யாமலே போகும் புற்றுநோய் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதன் விளைவைத் தென்கொரியா பெருமளவில் கண்டது. அங்கு 1999இல் தொடங்கிய புற்றுநோய் கண்டறியும் திட்டத்தோடு தைராய்டு ஸ்கேனும் மலிவான கூடுதல் பரிசோதனையாகப் பரவியதால், 2011இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. இறப்பு விகிதமோ அசையவில்லை. 2014இல் கொரிய மருத்துவர்கள் சிலர் ஸ்கேன் மோகத்துக்கு எதிராகப் பகிரங்கமாகக் குரல் கொடுத்தபின் அறுவைகள் வேகமாகக் குறைந்தன. இந்தியாவில் 2006 முதல் 2014 வரையிலான புற்றுநோய்ப் பதிவேடுகளை ஆராய்ந்த ஆய்வும், திருவனந்தபுரத்துப் பெண்களிடையே காணப்படும் மிக உயர்ந்த விகிதத்துக்கு இத்தகைய மிகைக் கண்டறிதலே பெரும் காரணம் என்று கருதியது.

ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை 1993 முதலே, ஒரு சென்டிமீட்டருக்குட்பட்ட, பரவாத பாப்பிலரி புற்றுநோய்களை, புற்றுநோய் என்று உறுதியான பின்னரும், உடனே அறுக்காமல் கண்காணித்துவருகிறது. அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரில், பத்து ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவர்கள் 8 விழுக்காடு. நிணநீர்க் கணுவுக்குப் பரவியவர்கள் 3.8 விழுக்காடு, தைராய்டுப் புற்றுநோயால் இறந்தவர் எவருமில்லை. உறுதியான சிறு புற்றுநோயையே பொறுத்திருந்து பார்க்க முடிகிறது என்றால், புற்றுநோயா என்றே தெரியாத முடிச்சுக்கு ஓரிரு மாதம் எடுத்துச் சான்று திரட்டுவதில் ஆபத்தில்லை என்பது வெளிப்படை. விதிவிலக்குகள் உண்டு, மெடுலரி, அனாபிளாஸ்டிக் போன்ற மூர்க்கமான வகைகள் அரிதாயினும் இருக்கின்றன, அவற்றின் அறிகுறிகளை மருத்துவர் கவனித்தே பொறுத்திருக்கச் சொல்வார்.

விலை மிகுந்த மூலக்கூறுப் பரிசோதனைகள் இந்தியாவின் பெரும்பாலான மருத்துவமனைகளில் இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை. அதனால் இங்கு எளிய படிகளின் மதிப்பு மேலும் கூடுகிறது: டி.எஸ்.எச்., அனுபவமுள்ளவர் எடுத்த ஸ்கேன், தகடுகளின் மறுபார்வை, மூன்றாம் பிரிவென்றால் மறு ஊசி. இவை எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து, நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், அறுவை மருத்துவர், நோய்க்குறியியல் வல்லுநர் ஆகியோர் கலந்து பேசும் மருத்துவமனையில் முடிவு பெரும்பாலும் நிதானமாகவே அமையும். நோயாளியின் விருப்பத்துக்கும் அங்கே இடமிருக்க வேண்டும். ஐயத்தோடு வாழ இயலாமல் உறக்கம் இழப்பவருக்கு மடலை அகற்றுவதே தக்கதாகலாம், குரலால் பிழைக்கும் பாடகருக்கும் ஆசிரியருக்கும் காத்திருப்பதே தக்கதாகலாம்.

கண்காணிப்பு என்று முடிவானால் குறித்த இடைவெளியில் ஸ்கேன் தொடர வேண்டும்; முதல் ஸ்கேன் பொதுவாக ஓராண்டுக்குள் அமையும், ஐயம் கூடினால் இன்னும் முன்பாகவே. முடிச்சின் இரண்டு அளவுகளேனும் 20 விழுக்காடு கூடி, அக்கூடுதல் குறைந்தது 2 மில்லிமீட்டராக இருந்தால், அல்லது கன அளவு 50 விழுக்காட்டுக்கு மேல் பெருகினால் மட்டுமே அது வளர்ச்சி எனக் கொள்ளப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு ஸ்கேன் எடுப்பவரின் கைமாற்றத்தாலும் வரும். வளர்ச்சி மட்டுமே புற்றுநோய்க்குச் சான்றாகாது: தீங்கற்ற முடிச்சு கொண்ட 992 பேரை ஐந்தாண்டுகள் கவனித்த இத்தாலிய ஆய்வு 2015இல் வெளியானபோது, 15 விழுக்காட்டினருக்கு முடிச்சு வளர்ந்திருந்தும், முதலில் கண்ட முடிச்சுகளில் 0.3 விழுக்காட்டில் மட்டுமே புற்றுநோய் காணப்பட்டது. அளவைவிட, விளிம்பு சிதைவது, புதிதாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தோன்றுவது, அருகிலுள்ள நிணநீர்க் கணு உருமாறுவது போன்ற தோற்ற மாற்றங்களே மறு ஊசிக்கும் அறுவைக்கும் வலுவான காரணங்களாகும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க, பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.